தேய்பிறைக்குக் காத்திருந்த நிலம்

சுங்கைப்பட்டாணி
8-5-2603

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கை நவமணிக்கு அண்ணன் அருளப்பன் எழுதுவது. இங்கே நலம். ஆபீஸ் வழக்கப்படி மேலே ஜப்பான் வருஷம் போட்டிருக்கிறேன். நீயும் மாப்பிள்ளை சந்தியாகுவும் பசியில்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

எங்கள் ஆபீசின் ஜப்பான் அதிகாரிக்குப் பழைய படங்கள் என்றால் உயிர். உன் கல்யாணத்துக்குப் பிரெஞ்சுச் சாமியார் கொடுத்த மாதா படத்தைப் பற்றிச் சொன்னேன். நானூறு வருஷத்துக்கு முன் இத்தாலிக்காரன் வரைந்ததன் நகல் என்றதும் எழுந்தே நின்றுவிட்டார். இரண்டு தடவை கேட்டும் நீ மறுத்துவிட்டாய். இன்னொரு முறை யோசி.

மாப்பிள்ளை மரவள்ளியை இப்போது நட வேண்டாம். வளர்பிறையில் நட்டால் இலைதான் தழைக்கும். இருபதாம் தேதிக்கு மேல் நடச் சொல். அப்பா அப்படித்தான் செய்வார்.

அன்புள்ள அண்ணன்,
அருளப்பன்

பீடோங் ரப்பர் தோட்டம், மூன்றாம் டிவிசன்
17-5-1943

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று ஜப்பான்காரர்கள் திடீரென்று வந்து, உத்தரவுப்படி பயிர் வைத்திருக்கிறோமா என்று ஒவ்வொரு வீட்டுக் காய்கறி நிலத்தையும் பார்த்தார்கள். எங்களுடையது மட்டும் வெறும் மண். "நாலு நாளு பொறுங்க தொரை, நெலா தேயட்டும்லா, கெழங்கு நல்லா எறங்கும்" என்றார் உங்கள் மாப்பிள்ளை. மொழிபெயர்த்தவன் சிரித்தான். சோம்பேறி என்று எழுதி, சயாம் ரயில் வேலைக்குப் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். இருபத்தைந்தாம் தேதி லாரி வருகிறது. போன மாதம் போனவர்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை.

படத்தை அப்பளசாமியின் மாட்டு வண்டியில் அனுப்புகிறேன். மாதாவின் வணக்க மாதமான இந்த மே மாதத்தில் அவளைச் சுவரிலிருந்து இறக்கினேன். மாதாவுக்குப் பின்னால் உள்ள தோட்டத்தில் பூவும் பழமும் ஒரே கிளையில் இருக்கும். இத்தாலிக்காரனுக்குப் பிறை பார்க்கத் தெரியவில்லை என்று இவர் கேலி செய்வார். படத்தை உங்கள் அதிகாரியிடம் கொடுத்து, பட்டியலிலிருந்து இவர் பெயரை அடித்துவிடுங்கள் அண்ணா. உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

தங்கை,
நவமணி

சுங்கைப்பட்டாணி
22-5-2603

அன்புத் தங்கைக்கு,

படம் வந்தது. அதிகாரிக்கு மகா சந்தோஷம். மாதாவின் நீல அங்கியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நேரம் பார்த்து மாப்பிள்ளை விஷயத்தைச் சொன்னேன். பட்டியல் அலோர்ஸ்டார் தலைமை ஆபீசுக்குப் போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்கிறார். மூன்று மாதம்தானே, பொறுத்துக்கொள்.

என்னை ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா ஆக்கியிருக்கிறார். உனக்கு அரிசி அனுப்புகிறேன். இப்போது தேய்பிறை, மரவள்ளியை நட்டுவிடு.

அண்ணன்,
அருளப்பன்

பீடோங்
30-5-1943

அண்ணனுக்கு,

அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தோட்டத்து ஆபீஸ் வாசலில் அழுதுகொண்டிருந்தேன். எங்கள் கிராணிக்கு மனம் பொறுக்கவில்லை. நிலம் பார்க்க வருவதாக முன்கூட்டியே வந்த ரகசிய உத்தரவை எடுத்துக் காட்டினார். மே ஆறாம் தேதி. கீழே அதிகாரிக்காக உங்கள் கையெழுத்து.

எட்டாம் தேதி எனக்குப் பிறை பார்க்கச் சொல்லி எழுதினீர்கள். இவர் பெயர் ரயில் பட்டியலில் விழுந்தால் படம் தானாக வரும், பிறகு பெயரை அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தீர்கள். ஆள் வருகிறான், நட்டுவை என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே நன்றியோடு படத்தை நானே சுமந்து வந்திருப்பேன். ஜப்பான்காரன் மேல்கூட எனக்கு இவ்வளவு வெறுப்பு இல்லை. அவன் அந்நியன்.

அரிசியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இனி எனக்கு எழுத வேண்டாம். அவர் வந்து சேர்ந்தால் நான் எழுதுகிறேன். என் கடிதம் வராத ஒவ்வொரு நாளும் அவர் இன்னும் வரவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சந்தியாகுவின் மனைவி நவமணி