சந்தனம் வைத்த டிஸ்க்

கிள்ளான், மலேசியா
20.10.1994

அன்புள்ள தவமணிக்கு,

நீயும் பாப்பாவும் சுகம்தானே? அம்மாவின் முட்டிவலி குறைந்ததா? எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்.

பட்டறையில் சின்ன விஷயம் ஒன்று நடந்தது. ஆயுத பூஜைக்குச் சாமான்களையெல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தேன். வழக்கமாக நம் பட்டறைக்கே வரும் நாகையா அண்ணனின் பிக்கப் வண்டிக்கு வந்திருந்த புது பிரேக் டிஸ்க்குகளுக்கும் அதே எண்ணெய்க் கையோடு வைத்தேன். மறுநாள் பொட்டை அழிக்க மனம் வராமல் அப்படியே மாட்டிவிட்டேன். எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது என்பது எனக்குத் தெரியாததா? ஜெஞ்சாரோம் வளைவில் வண்டி கால்வாய்க்குள் போய்விட்டது. அண்ணனுக்குக் கால் முறிவு.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ சாமி கும்பிட்டு மாட்டுன, தம்பி. அதான்லா உசுரோட கெடக்கேன்” என்றார்.

அவர் தலையணையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. இங்கே யாரிடம் சொல்வேன்? இரண்டு வரியாவது உடனே எழுது தவமணி, திட்டியாவது எழுது.

பாப்பாவின் சைக்கிளுக்கும் பொட்டு வைத்திருப்பாய். பிரேக் கட்டை உரசும் இடத்தைச் சோப்புப் போட்டுத் துடைத்துவிடு. மறந்துவிடாதே.

முதலாளி கூப்பிடுகிறார். இன்னொரு பிக்கப் வந்திருக்கிறது. அதுவும் பிரேக் வேலைதானாம். என்னைத்தான் கேட்கிறார்களாம், கைராசிக்காரன் என்று.

உன்,
வீரபத்திரன்