மண்டைக்கு ஒரு கோட்டிங்

ஜனவரி 18, சனி

பூந்தமல்லி ஸ்கேன் சென்டரில் இன்று எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. டோக்கன் கொடுக்கிற பெண், "பெரியவரே, நீங்க இப்டி ஓரமா உக்காருங்க. பொண்ணோட வீட்டுக்காரர் வந்தா மட்டும் உள்ள அனுப்புங்க" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் தண்ணீர் கேன்தான் இருந்தது.

வசந்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஐந்து மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அவரேதாம்மா வீட்டுக்காரரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். உள்ளே போய்ப் படுத்தும் சிரித்தாள். "வயிறு இப்படிக் குலுங்குனா நான் எப்படிம்மா பாக்குறது?" என்று டாக்டர் அதட்டிய பிறகுதான் நிறுத்தினாள்.

எனக்கு நாற்பத்தொன்பது. அவளுக்கு நாற்பத்திரண்டு. ரொம்ப நாள் வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். இன்று அந்த வாயு ஸ்கிரீனில் காலை ஆட்டியது! பைத்தியம் பிடித்த மாதிரி சந்தோஷமாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ரோஷினிதான் பிரச்சினை. ஆவடி காலேஜில் கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இத்தனை வருஷமாக ஒரே பெண். பொங்கலுக்கு மறுநாள் அவளிடம் விஷயத்தைச் சொன்னோம். "காலேஜ்ல நான் எப்படிப்பா சொல்லுவேன்? உன் தலையப் பாரு. எல்லாரும் உன்னத் தாத்தான்னுதான் நெனப்பாங்க" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. பசித்தால் தட்டை மேஜையில் வைக்கிற சத்தம் மட்டும் வருகிறது.

வயிற்றை மறைக்க முடியாது. தலையை மறைக்கலாமே?

ஜனவரி 20, திங்கள்

திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்கள் வேலை இரும்புச் சாமானுக்குப் பவுடர் கோட்டிங் அடிப்பது. துருப்பிடித்த கம்பியைப் புதுசாக்கி அனுப்புவேன். ஆனால் என் தலை பத்து வருஷமாகத் துருப்பிடித்துக் கிடக்கிறது.

கூட வேலை பார்க்கிற எழிலிடம் மட்டும் ரகசியத்தைச் சொன்னேன். அவன் வாயில் இருந்த டீ என் சட்டை மேல் வந்தது.

"அண்ணாத்தே! இன்னா சொல்ற! மெய்யாலுமா?"

"மெதுவா பேசுடா."

"அப்ப மண்டைக்கு ஒரு கோட்டிங் குட்த்துரு. ஊருக்கெல்லாம் அடிச்சுகினு கீற, உனக்கு அடிச்சிக்க மாட்டியா?"

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

ஜனவரி 21, செவ்வாய்

நூம்பல் சலூன் ஜெயராமனிடம் போனேன். தலைக்கு அடிக்கிற டையிலேயே ஒரு கடை வைத்திருக்கிறான். தண்ணீரில் கரைக்கிற கருப்புப் பவுடர். ட்யூபில் ஒன்று, பாட்டிலில் ஒன்று, இரண்டையும் கலக்கிற க்ரீம், அதில் "அமோனியா இல்லை" என்று பெரிய எழுத்து. குளிக்கும்போது தேய்த்தால் போதும் என்கிற ஷாம்பு சாஷே. அப்புறம் பச்சை இலைப் படம் போட்ட "மூலிகைக் கருப்பு மருதாணி".

"எதுடா நல்லது?"

"மூலிகைய எடுத்துக்கோண்ணா. ஒண்ணும் பண்ணாது. கொழந்தைக்கே பூசலாம்."

இப்போது யோசித்தால், எந்தக் குழந்தைக்குத் தலை நரைக்கிறது?

ஜனவரி 25, சனி

நான் சும்மா அடித்துவிடுகிற ஆள் இல்லை. புது பவுடர் வந்தால் முதலில் ஒரு தகட்டில் அடித்துப் பார்ப்போம். கலர் சரியாக வந்தால்தான் சரக்குக்கு அடிப்போம். அதே முறைதான் இங்கேயும். ஜெயராமனிடம் முடி வெட்டிக்கொண்டு, என் வெள்ளை முடியை நானே பொறுக்கி வந்தேன். நான்கு கொத்தாக நூலில் கட்டினேன், ஆளுக்கு ஒரு மருந்து பூசினேன், மொட்டை மாடிக் கொடியில் காயப் போட்டேன்.

கீழ்வீட்டு பஞ்சவர்ணம் அக்கா துணி எடுக்கப் போனது எனக்கு எப்படித் தெரியும்?

"ஐயோ வசந்தா! யாரோ மயிர முடிஞ்சி தொங்க உட்டுகிறாங்கடி! புள்ளத்தாச்சி பொண்ணு கீற ஊடு! எவ வேலடி இது!"

தெருவே மாடிக்கு வந்துவிட்டது. ஒருத்தர் எலுமிச்சம்பழம் வாங்க ஆள் அனுப்பிவிட்டார். நான் கூட்டத்தில் நின்று, "அது என் முடிதான்" என்றேன். அக்காவுக்கு இன்னும் பயம் கூடிவிட்டது. என் நெற்றியைத் தொட்டுத் திருநீறு வைத்துவிட்டது.

பரீட்சை முடிவு: மூலிகைதான் முதல் மார்க். அரை மணியில் காக்கை நிறம்.

ஜனவரி 26, ஞாயிறு

அடித்துவிட்டேன்! தலை, மீசை, எல்லாம். வாசனைக்கு வசந்தாவுக்குக் குமட்டும் என்று மாடியிலேயே உட்கார்ந்து பூசிக்கொண்டேன்.

கண்ணாடியில் யாரோ ஒரு பையன் நிற்கிறான். கல்யாண ஆல்பத்தில் இருக்கிறவன்தான். தொப்பை மட்டும் இந்த வருஷத்து மாடல். வசந்தா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "இன்னா மாமா, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் கீற. எங்கப்பா ஊட்ல இல்ல, அப்பால வா" என்றாள்.

ரோஷினி ரூமிலிருந்து வந்தாள், பார்த்தாள், ஃபிரிட்ஜைத் திறந்தாள், தண்ணீர் குடித்தாள், போய்விட்டாள்.

பரவாயில்லை. பார்த்தாள் அல்லவா?

ஜனவரி 27, திங்கள்

காதுக்குப் பின்னால் அரிக்கிறது. கொசு.

ஜனவரி 28, செவ்வாய்

கொசு இல்லை.

காலையில் எழுந்தால் கண் திறக்கவில்லை. நெற்றி பணியாரம் மாதிரி உப்பி, இமை இரண்டும் ஒரு கீற்று விட்டு மூடி, காதோரம் தண்ணீர் வடிகிறது. மீசை இருக்கிற இடத்தில் யாரோ வடையை ஒட்டிவிட்டார்கள். தடவித் தடவி வேலைக்குப் போனேன். அந்த அறிவைப் பார். முகத்தைக் காட்டினால் வருகைப் பதிவாகிற மெஷின் வாசலில் இருக்கிறது. காட்டினேன். "நபர் இல்லை" என்றது. மறுபடி காட்டினேன். "நபர் இல்லை."

எழில் வந்து, "யார்ணா வேணும் உங்களுக்கு?" என்று கேட்டான். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே கேட்டான்.

திரும்பி வீட்டுக்கு வந்தேன். ரோஷினி கதவைத் திறந்தாள். ஒரு நொடி பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள் — சுவரைப் பிடித்துக்கொண்டு, கீழே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர. பதின்மூன்று நாளுக்கு அப்புறம் என் மகளின் குரல். இதற்காக இன்னொரு பாக்கெட் பூசலாம் போலிருந்தது.

சிரிப்பு நின்றதும் கோபம் வந்தது. பாக்கெட்டைக் குப்பையிலிருந்து எடுத்து, மொபைல் லைட் அடித்துப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள்.

"மூலிகையாம் மூலிகை. பாராஃபினைலீன் டையமின் போட்டிருக்கான்ப்பா. பி.பி.டி. இதுதான் கருப்பாக்குது, இதுதான் அலர்ஜியும். பூசறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி தோல்ல தடவிப் பாருன்னு இங்கயே எழுதியிருக்கே!"

"தடவிப் பாத்தேனே. முடியில."

"முடிக்கு எப்படிப்பா அரிக்கும்? அதுக்கு உயிரே இல்ல!"

இருபத்தைந்து வருஷம் தகட்டில் அடித்துப் பார்த்தவன் நான். தகடு ஒருநாளும் சொறிந்துகொண்டதில்லை.

அவளே ஸ்கூட்டரில் பூந்தமல்லி தோல் டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் அம்மா, முன்பு எப்போதாவது அடித்தீர்களா என்று கேட்டார். தங்கை கல்யாணத்துக்கு ஒருமுறை அடித்தேன், லேசாக அரித்தது என்றேன். "அன்னைக்கே உடம்பு அதைக் குறிச்சு வச்சுகிச்சு. இனி இது இருக்கற எந்த டையும் உங்களுக்கு வேண்டாம். அடுத்த தடவை இதைவிட மோசமா வரலாம். மூச்சு முட்டுச்சுன்னா யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க" என்றார். அமோனியா இல்லாதது என்றால் பரவாயில்லையா என்றேன். "அமோனியா மூக்கை எரிக்கும். அது இல்லேன்னா நெடி குறையும், அவ்ளோதான். அலர்ஜி பண்றது வேற."

மாத்திரை எழுதிக்கொண்டே, "திடீர்னு என்ன சார் டை? வீட்ல விசேஷமா?" என்று சிரித்தார்.

ரோஷினி பக்கத்தில் நின்றாள். மொபைலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சும்மாத்தாம்மா. ஒரு ஆசை" என்றேன்.

குமணன்சாவடி தாண்டினோம். சிக்னலில் வண்டி நின்றதும், திரும்பாமல், "டாக்டர்கிட்ட ஏன்ப்பா சொல்லல?" என்றாள்.

"நீ கூட நின்னியே."

பச்சை விழுந்தும் கொஞ்ச நேரம் வண்டி நகரவில்லை. பின்னால் லாரிக்காரன் திட்டினான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கண் திறந்துவிட்டது. உலகம் அப்படியேதான் இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

ரோஷினி என்னை பிராக்டிகல் மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டாள். லெக்சர் வேறு. நிரந்தரமாக நிற்கிற டை முடிக்குள்ளே போய்க் கலராகிறது, அநேகமாக எல்லாவற்றிலும் பி.பி.டியோ அதன் ஒன்றுவிட்ட தம்பியோ உண்டு. தம்பியும் நம்பத் தகுந்தவன் இல்லை. ஷாம்பு சாஷேயிலும் பெரும்பாலும் அதே ஆள்தான், வேஷம் மட்டும் வேறு. சில தடவை குளித்தால் போகிற கலர் கொஞ்சம் சாது, ஆனால் அதிலும் பின்பக்கம் படிக்காமல் வாங்கக் கூடாது. தினம் கொஞ்சமாகக் கருப்பாக்குகிற தண்ணீர் மருந்துகளில் சிலதில் ஈயம் இருக்குமாம். எதையும் புருவத்தில் வைக்கக் கூடாது, கண் போய்விடும்.

"அப்ப மருதாணி?"

"வெறும் மருதாணி இலையில கருப்பே வராதுப்பா. செம்பட்டைதான் வரும். மருதாணி கருப்பா வருதுன்னா அதுல வேற ஏதோ கலந்திருக்கு. முதல்ல மருதாணி, அப்புறம் அவுரி இலை, நீலச் சாயம் எடுப்பாங்களே அது. அப்படித்தான் கருப்பு வரும். இலையானாலும் டெஸ்ட் பண்ணணும். ஒண்ணு முடிஞ்சுதான் இன்னொண்ணு."

வசந்தா தன் தலையைத் தொட்டு, "எனக்கும் நாலு நரை கீதுடி" என்றாள். "உனக்கு எதுவும் இப்ப வேணாம்மா. தோல் வழியா உள்ள போறது கொஞ்சந்தான்னு சொல்றாங்க, இருந்தாலும் உன் டாக்டர கேக்காம வேணாம்" என்றாள் ரோஷினி.

வயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். முதல் தடவை பார்க்கிறாள்.

மார்ச் 15, சனி

தோல் ஆறட்டும் என்று ரோஷினி ஒரு மாதம் காக்க வைத்தாள். அப்புறம் என் முழங்கை மடிப்பில் மருதாணிப் பொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்தாள். பாஸ். நடுவில் ஒட்ட வெட்டியதில் பழைய கருப்பு நுனியில்தான் மிச்சம்; இன்று தலைக்குப் பூசினாள். அவுரிக்கு டெஸ்ட் இன்னும் பாக்கி. ஆகவே தற்போதைய நிறம்: ஆரஞ்சு.

மார்ச் 17, திங்கள்

எழில்: "அண்ணாத்தே, தூரத்துல பாத்து ஃபயர் சர்வீஸுக்கு போன் போட்டேன்."

மார்ச் 20, வியாழன்

ரோஷினி ரெக்கார்டு நோட்டை மறந்துவிட்டுப் போனாள். கொடுக்க ஆவடிக்குப் போனேன். காலேஜ் வாசலில் அவள் கூட்டாளிகளோடு நின்றாள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் நோட்டை நீட்டினேன். "யாருடி?" என்று ஒருத்தி கேட்டாள். "அப்பா" என்றாள். நோட்டை வாங்கிப் பைக்குள் திணித்தாள். வீட்டு விஷயம் இன்னும் அங்கே யாருக்கும் தெரியாது.

ஹெல்மெட்டுக்குள் வேர்த்தது. வெயில்தான்.

ஜூன் 3, செவ்வாய்

பையன்!

வசந்தா நலம். பையன் நலம். நான்தான் சரியில்லை — நர்ஸ் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள். பயலுக்குத் தலை நிறைய முடி, கருகருவென்று. எந்தப் பாக்கெட்டும் பிரிக்காமல்!

ரோஷினி கையில் கொடுத்தார்கள். அவள் அசையவே இல்லை. "ப்பா, இவன் என்னப் பாக்குறான்ப்பா" என்றாள்.

பிறந்த அன்று கண் சரியாகத் தெரியாது என்று நர்ஸ் சொன்னாள். அவளை யார் கேட்டார்கள்?

ஜூலை 13, ஞாயிறு

ஒரு மாதமாக முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, தலையை எங்கே பார்ப்பது? வேர் வெள்ளை, நடு ஆரஞ்சு, நுனியில் மட்டும் பழைய கருப்பு மிச்சம். இன்று காலை ரோஷினியே மருதாணி வைத்துக் கழுவி, மேலே, டெஸ்ட்டில் பாஸான அவுரியைக் குழைத்துப் பூசினாள். பச்சை சேறு. அதன்மேல் கடைப் பை ஒன்றைக் கவிழ்த்துக் கட்டினாள். லுங்கி, பனியன், கேரி பேக். இந்தக் கோலத்தில் தம்பியை மடியில் போட்டுத் தூங்க வைத்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் செருப்புச் சத்தம். "ஏய் ரோஷினி!" என்று நான்கைந்து குரல். காலேஜ் கூட்டம்.

தம்பியை வசந்தாவிடம் தள்ளிவிட்டு பாத்ரூமுக்குள் பாய்ந்தேன். தாழ்ப்பாள் போட்டேன். வெளியே சிரிப்பு, கூச்சல், "ஐயோ குட்டி விரலு!" என்று ஒருத்தி. பேச்சைக் கேட்டால் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. எப்போது சொன்னாள்? எனக்குத்தான் தெரியாமல் போயிருக்கிறது.

தம்பி அழ ஆரம்பித்தான். நிற்கவில்லை. கதவு தட்டப்பட்டது.

"ப்பா, வெளிய வா. உன்கிட்டதான் அடங்குவான்."

"தலையில சேறு கீதுடி!"

"தெரியும். நான்தான பூசுனேன். வா."

வந்தேன். ஐந்து பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் கேரி பேக்கைச் சரிசெய்துகொண்டேன், ஏதோ தலைப்பாகை மாதிரி. ரோஷினி, "எங்கப்பா" என்றாள். பிறகு தம்பியை என் கையில் வைத்தாள். அவன் ஒரு விம்மலோடு அடங்கினான்.

"அங்கிள், என்ன கலர் இது?" என்று ஒருத்தி கேட்க, ரோஷினி ஆரம்பித்துவிட்டாள் — பி.பி.டி, ஒன்றுவிட்ட தம்பி, மெஷின் "நபர் இல்லை" என்றது வரைக்கும். அவர்கள் சிரித்ததில் நானும் சிரித்தேன். சிரித்ததில் பைக்குள்ளிருந்து சேறு ஒழுகி நெற்றிக்கு வந்தது. இரண்டு கையிலும் பிள்ளை. அவன் மேல் சொட்டப் பார்த்தது. ரோஷினி பேச்சை நிறுத்தாமலே தன் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டாள்.

வெள்ளைத் துப்பட்டா, புதுசு. அவுரிக் கறை போகாது என்று அவளுக்குத் தெரியாதா?