ஒருத்தியை அனுப்ப நாள் எதற்கு

டிசம்பர் 3, புதன்

வீட்டுக்காரம்மா பொன்னுத்தங்கம் இன்று மாடிக்கே ஏறி வந்துவிட்டார். குளியலறைத் தரையில் வெள்ளிப் பொடி மினுங்குகிறதாம். மூன்று பேருக்கும் காலண்டர் அச்சகத்தில் வேலை என்று சொல்லித்தான் திருத்தங்கலில் இந்த வீட்டைப் பிடித்தேன். எனக்கும் சினேகாவுக்கும் அது உண்மை. இசைவாணிக்குப் பட்டாசு ஆலையில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற வேலை.

"மருந்து ஒட்டுன கையி என் வீட்டுக்கு ஆகாது. மார்கழி பொறக்கிறதுக்குள்ள அவளை மட்டும் அனுப்பிரு. நீங்க ரெண்டு பேரும் இருங்க."

அவர் வீட்டுக்காரர் கடை போட்டு விற்பது என்ன, அவல்பொரியா? வெடி விற்ற காசில் மாடி கட்டலாம், வெடி செய்கிறவள் அதில் குளிக்கக் கூடாதோ!

டிசம்பர் 5

"அவளுக்காக நாமளும் தெருவுல நிக்கணுமாக்கா?" என்கிறாள் சினேகா. காய்ச்சலில் கிடந்தபோது இசைவாணி வைத்த கஞ்சியைக் குடித்த வாய். நன்றி கெட்ட ஜென்மம்.

டிசம்பர் 10

ரயில்வே கேட் பக்கம் இசைவாணிக்கு ஓர் அறை அமைந்தது. ஆலைப் பெண்கள் நான்கு பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள். "போயிருதேன்க்கா, எதுக்கு வம்பு" என்றாள். நான்தான் விடவில்லை. நீ எதுக்குடி போகணும்?

நாளும் கிழமையும் அச்சடிக்கிறவள் நான். மார்கழியில் வீட்டைக் காலி செய்யவும் மாட்டார்கள், புதிதாகக் குடி வைக்கவும் மாட்டார்கள். இன்னும் ஆறு நாள் இழுத்தடித்தால் தை வரைக்கும் அந்த அம்மாவால் நம்மை அசைக்க முடியாது. அறை வேண்டாம் என்று சொல்ல வைத்தேன். ஒரு வாரத்துக்கு அப்புறம் இசைவாணி இன்றுதான் சிரித்தாள்.

டிசம்பர் 16, மார்கழி 1

வேலை விட்டு வந்தால் அவள் பெட்டியும் பாயும் படிக்கட்டில் கிடக்கின்றன. கீழே ஓடினேன். "மார்கழியில காலி பண்ணச் சொல்லலாமாம்மா?"

"வீடு எங்க காலியாகுது? அதான் நீங்க ரெண்டு பேரு இருக்கீகள்ல. ஒருத்திய அனுப்ப நாள் எதுக்குப் பாக்கணும்?"

ரயில்வே கேட் அறைக்குப் போன் போட்டோம். "மார்கழியில ஆள் சேக்க மாட்டோம், தையில வாங்க" என்றார்கள்.

என் சாமர்த்தியம்! என்னைச் செருப்பால அடிக்கணும். அப்ப மூணு பேருமே போறோம்னு அந்தம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும். சொன்னேனா? சொல்லலையே — சினேகாவைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

டிசம்பர் 18

மல்லாங்கிணற்றில் சித்தி வீட்டில் இருக்கிறாளாம். இருட்டோடு எழுந்து பஸ் மாறி மாறி வேலைக்கு வருகிறாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

விட்டுப்போன வாளியை எடுக்க வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றே போன் செய்தாள். எடுத்துக்கொண்டு இறங்கினேன். உள்ளே வா என்று சொல்ல வாய் வரவில்லை. ஜன்னலில் பொன்னுத்தங்கம்.

"நீங்க மேல போங்கக்கா. அந்தம்மா பாக்குது, உங்களையும் ஏதாச்சும் சொல்லிரப் போகுது."

போய்விட்டேன்.