ஒரு தலை குறைகிறது

ஜூன் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

எங்கள் அலுவலகம் ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பிய முன்னாள் படைவீரர்கள் பதினான்கு பேர். பதின்மூன்று பேரின் வார அறிக்கை வந்துவிட்டது. வராதது என் அப்பாவுடையது. மேலதிகாரி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

அம்மா தெருவில் ஒருவர் விடாமல், "எங்க வீட்டுக்காரர் வாத்தியாராயிட்டாரு" என்று சொல்லிவிட்டாள்.

இன்னொன்று. உங்கள் பயிற்சி விண்ணப்பத்தில் "மனநல சிகிச்சை பெற்றதுண்டா?" என்ற கேள்விக்கு நான் "இல்லை" என்று நிரப்பியிருக்கிறேன். யாராவது கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள். அந்த இரண்டு மாத ஆஸ்பத்திரிக் கதை யாருக்கும் வேண்டாம்.

உங்கள் மகள்

ஜூன் 27

அன்பு மகளுக்கு,

அறிக்கை எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை.

பள்ளியில் எனக்குக் கொடுத்த வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள். எனக்கு "விசில் சார்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதுவரை சந்தோஷம்தான்.

செவ்வாயன்று மைதானத்திலிருந்து திரும்பும்போது எண்ணினேன். முப்பத்தைந்து. மறுபடி எண்ணினேன். "ஒரு தலை குறையுது. அது வர்ற வரைக்கும் யாரும் அசையக் கூடாது" என்றேன். முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்க வைத்துவிட்டேன். "சார், அவன் அவங்க அம்மாவோட அப்பவே வீட்டுக்குப் போயிட்டான் சார்" என்று முன்வரிசைச் சிறுமி சொல்லிக்கொண்டே இருந்தாளாம். என் காதில் விழவில்லை. அவள்தான் மயங்கி விழுந்தாள்.

பன்னிரண்டு பேர் ரோந்து போய்ப் பதினொரு பேராகத் திரும்பிய நாள் உனக்குத் தெரியும்.

"உங்களுக்கு முன்னாடி ஏதாவது சிகிச்சை நடந்துச்சா சார்?" என்று தலைமையாசிரியை கேட்டார். இல்லை என்றேன். எனக்கு மேலே இருப்பவரிடம் நான் சொன்ன முதல் பொய்.

அப்பா

ஜூலை 1

அப்பா,

சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும். உண்மை வெளியே வந்தால் உங்கள் இடமும் போகும், என் வேலையும் போகும். படிவத்தில் இருப்பது என் கையெழுத்து. அந்தப் பெண்ணுக்கு இதற்குள் சரியாகியிருக்கும். பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள்.

கல்லூரியில் மற்றவர்கள் தங்கள் அப்பாவின் படிப்பைச் சொல்லும்போது, நான் கீழே விழாத பேனாவைக் குனிந்து தேடுவேன். என் அப்பா ஆசிரியர் என்று ஒருமுறை சொல்லிப் பார்க்க ஆசைப்பட்டேன். அது என் ஆசை. உங்களுக்கு விருப்பமா என்று கேட்கவே இல்லை. ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

மகள்

ஜூலை 9

அன்பு மகளுக்கு,

நேற்று தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "முதல்லயே சொல்லியிருந்தா கூட ஒரு டீச்சரை நிறுத்தியிருப்பேனே சார்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. பயிற்சி நின்றுவிட்டது. டாக்டர் சரி என்றால் அடுத்த வருடம் பார்க்கலாமாம்.

படிவத்தைப் பற்றியும் கேட்டார். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள் என்றேன். இது இரண்டாவது பொய். இதற்கு மேல் என்னால் ஆகாது. இனி எனக்காக எதையும் நிரப்பாதே.

கிளம்பும் முன் வகுப்பு வாசலில் நின்றேன். பழக்கம், எண்ணிவிட்டேன். முப்பத்தைந்து. மயங்கி விழுந்த பிள்ளையை அவள் வீட்டில் இன்னும் அனுப்பவில்லை.

இந்த முறை நான் யாரையும் நிற்க வைக்கவில்லை.

அப்பா