கடல் உள்வாங்கும் நேரம்

மார்ச் 4
பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். கிளம்பிப் போன பஸ்ஸின் முதுகில், எங்கள் கல்லூரி விளம்பரத்தில் நான்! முழங்கால் தண்ணீரில் நின்று, கண்ணாடி ஜாடி ஒன்றைத் தூக்கிப் பிடித்து, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். கீழே, ‘கடலே உங்கள் வகுப்பறை’.

முதல் வருஷம் எடுத்த படம். அடுத்த வருஷமே ஆள் போதவில்லை என்று கடல் உயிரியலை இழுத்து மூடி, எங்களை வணிகவியலில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். மூடிய படிப்புக்கு என் மூஞ்சியை வைத்து ஆள் பிடிக்கிறார்கள்.

மார்ச் 5
போஸ்டர் சாரிடம் போய்க் கேட்டேன். சேர்க்கைப் பிரிவுத் தலைவர். எதைக் கேட்டாலும் போஸ்டரைக் காட்டுவதால் நாங்கள் வைத்த பெயர்.

“ஆய்வகமே இல்லையே சார்?”

“ஆள் வரட்டும்மா, ஆய்வகம் தானா வரும். வரலேன்னா வணிகவியல் இருக்கவே இருக்கு. நீ படிக்கலையா?” அப்புறம் ஒரு சிரிப்பு. “தினம் கடலைப் பாக்கறே. இன்னும் என்ன வேணும் உனக்கு?”

இருங்க சார். என்ன வேணும்னு காட்டறேன்.

மார்ச் 9
அம்மா போனில், “போனாப் போகுது, விடுடி. பட்டத்தை வாங்கிட்டு வந்து சேரு” என்றாள். எப்படி விடுவது? இவர்களுடைய பழைய போஸ்டரில் கடலைப் பார்த்து மயங்கி, அப்பாவிடம் சண்டை போட்டு என்னை இங்கே அனுப்பியதே அவள்தான். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியுமாம் என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வைத்தாள்.

மார்ச் 12
பழைய ஆய்வகத்தை எட்டிப் பார்த்தேன். கூரை வரைக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகள். மீன் தொட்டியில் துடைப்பம் ஊறுகிறது.

மார்ச் 15
போஸ்டர் சாரே கூப்பிட்டு அனுப்பினார். சேர வரும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஊரைச் சுற்றிக் காட்டும் நாள். கடற்கரைச் சாலையில் பஸ், கல்லூரி மொட்டை மாடியில் டீ, கடலைப் பார்த்து வாய் பிளந்து நிற்கும்போதே கையெழுத்து. வருஷா வருஷம் இதே வித்தை. நானும் அப்படித்தான் விழுந்தேன்.

“போஸ்டர்ல இருக்கற பொண்ணே கூட்டிட்டுப் போனா எடுபடும். தேதி, நேரமெல்லாம் நீயே போட்டுக்கோ.”

பல்லைக் கடித்துக்கொண்டு “சரி சார்” என்றேன். அறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. தேதி, நேரம் — நானே!

போன வருஷம் ஒருநாள் கடல் உள்வாங்கிச் சேறாகக் கிடந்தபோது, “இன்னைக்கு கடலுக்கு மூடு சரியில்ல” என்ற ஆள் இவர். இத்தனை வருஷமாகக் கடலை விற்கிறார். அது எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாது. நான் ஒரு வருஷம்தான் படித்தேன். முதல் மாதமே அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

பௌர்ணமிக்கு மறுநாள், சாயங்காலம். குறித்துக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 26
சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை. இவ்வளவு கெட்டவளா நான்? ஆமாம்.

மார்ச் 29
பிள்ளைகளும் பெற்றோரும் மாடிக்கு வந்தார்கள். கடல் இல்லை! கண்ணுக்கெட்டிய வரை கறுப்புச் சேறு, சாக்கடைக் குழாய்கள், சாய்ந்து கிடக்கும் படகு, நாற்றம். ஒரு அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு, “கடல் எங்க சார்?” என்றார். போஸ்டர் சார் இந்தப் பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் பார்க்கிறார். “இதோ வந்துடும், வந்துடும்” — வழியில் மாட்டிக்கொண்ட விருந்தாளியைப் பற்றிச் சொல்வது மாதிரி. என் நெஞ்சு குளிர்ந்தது.

அப்போது தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண், “அக்கா, கீழ போய்ப் பாக்கலாமா?” என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் படியிறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டாள். பின்னாலேயே ஓடினேன். “இந்த ஓட்டைக்குள்ள யாரு இருக்கா? இது ஏன் துப்புது?” தோண்டிக் காட்டினேன். புழு, சிப்பி, பட்டாணி அளவு நண்டு. ஒவ்வொருவராக இறங்கி வந்து, பிள்ளைகளெல்லாம் சேற்றில். பெற்றோர்கள் கரையோரம். என்னை மறந்து பேசிக்கொண்டே இருந்தேன்.

நிமிர்ந்தால், மாடியிலிருந்து போஸ்டர் சார் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார். அடிப்பாவி, என்ன செய்கிறேன்? கெடுக்க வந்துவிட்டு அவருக்கே ஆள் பிடித்துக் கொடுக்கிறேனே!

“அக்கா, நான் இங்கதான் சேரப்போறேன். இதைத்தானே சொல்லித் தருவாங்க?”

எல்லாப் பெற்றோருக்கும் கேட்கும்படி கத்தினேன். “இல்லம்மா. இங்க அந்தப் படிப்பே கிடையாது. வா, ஆய்வகத்தைக் காட்டறேன்.”

சேற்றுக் காலோடு மொத்தக் கூட்டமும் என் பின்னால் வந்தது. தடுக்க ஓடிவந்தவரின் ஒற்றை ஷூ சேற்றில் மாட்டிக்கொண்டது. கதவைத் திறந்துவிட்டேன். மீதியை நாற்காலிகளே சொல்லிவிட்டன.

மார்ச் 30
ஒரு கையெழுத்துகூட விழவில்லை. “நீ எப்படிப் பட்டம் வாங்கறேன்னு பாக்கறேன்” என்றார். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஏப்ரல் 11
பஸ்ஸில் என் முகத்தைக் கிழித்துவிட்டார்கள். ஜாடி பிடித்த கை மட்டும் வரமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 2
பட்டம் கொடுத்துவிட்டார்கள். பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. புது ஊர், புதுக் கல்லூரி, திரும்பவும் கடல் உயிரியல் முதல் வருஷம். கடலுக்குப் போக பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஆனால் ஆய்வகத் தொட்டிகளில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீருக்குள் உயிர் இருக்கிறது. கண்ணாடிக்காரி என் அறையில்தான். குறட்டை விடுகிறாள்.

போஸ்டர் சார் இப்போது ஒரு மலை ஊர்க் கல்லூரியில் பனிமூட்டத்தை விற்கிறாராம். அது எப்போது விலகும் என்று எனக்குத் தெரியாது. கற்றுக்கொள்ளலாம்.

அம்மா போன் செய்தாள்.

“ஜன்னலைத் திறந்தா என்னடி தெரியுது?”

“பக்கத்து வீட்டுச் சுவர்மா.”

“நல்லா இருக்கா?” என்று கேட்டாள்.

“ரொம்ப நல்லா இருக்கும்மா.”