மாத்திரை இல்லாத நாலு நாள்

கோவத்துல போனவளுக்கு,

உங்க அம்மா வீட்டுப் பக்கம், கீழப்பாவூர்ல மழை உண்டா? குற்றாலத்துல சாரல் விடல. போனை நீ எடுக்கல, அதான் எழுதி கண்டக்டர் அண்ணாச்சிட்ட குடுத்து விடுதேன்.

நீ போன அன்னைக்கே, மனச்சோர்வுக்குப் போடுத என் மாத்திரை தீர்ந்துட்டு. தென்காசி முழுக்க அலைஞ்சேன். எந்தக் கடையிலயும் இல்ல, அடுத்த வாரம்தான் வரும்ங்காங்க.

நாலு நாளாச்சு. தலையைத் திருப்பினா உள்ள கரண்ட் அடிக்கி. அருவிக்கரையில என்கிட்ட எண்ணெய் தேய்க்கப் படுத்த ஆளு, "ஏன் அண்ணாச்சி கை நடுங்குது?"ன்னு கேட்டாரு. குளிருன்னு சொல்லிட்டேன். கூட வேலை பாக்குத வேல்ராஜ், "ஏலே, அருவியில தலையைக் காட்டு, எல்லாம் தெளிஞ்சிரும்"ங்கான். பைத்தியம் தெளியணும்னு ஊர் ஊரா இங்கதான் கூட்டிட்டு வாராக. நான் பதினெட்டு வருசமா இந்தத் தண்ணியிலதான் நிக்கேன்.

அன்னைக்கு நான் பேசினதைப் பத்தி எழுதத்தான் உக்காந்தேன். வரல. விடு.

இன்னைக்கு சோறு பொங்கலாம்னு டிரம்முல அரிசி அள்ளினேன். கையில ஒரு அட்டை தட்டுப்பட்டுச்சு. அதே மாத்திரை. கோவத்துல நான் தூக்கி எறிஞ்சிருவேன்னு நீதான் ஒளிச்சு வச்சிருக்கணும். முதல் நாளே அரிசியில கை வைப்பேன்னு நெனச்சிருப்ப. நான் டீயும் பன்னுமா கெடந்தேன்.

ஒண்ணு போட்டுட்டேன். சோறும் தின்னுட்டேன்.

அட்டையில பத்து இருந்துச்சு. பத்து நாள்ல வந்துரலாம்னுதான் அளந்து வச்சிட்டுப் போயிருக்கன்னு நெனச்சுக்கிடுதேன். அதுல நாலு நாள் போயிட்டு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்