சேட்டுவுக்குச் சாம்பார் சாதம்

மார்ச் 10, செவ்வாய்

இந்த வருஷம் ரோஜா கொள்ளைப் பூ. டில்லி கோல் மார்க்கெட் பக்கம் நடக்க வருகிறவர்கள் எங்கள் குவார்ட்டர்ஸ் வேலியருகே நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். மாடி வீட்டு உஷாராணி, என்ன உரம் போடுகிறீர்கள் என்று கேட்டாள். மாட்டுச் சாணம் என்றேன். சாணமாவது! என் பெண் மேதா பெங்களூரிலிருந்து மாதாமாதம் ஆன்லைனில் அனுப்பிவைக்கிற நாய்த் தீனிதான். ஊறவைத்து வேரடியில் புதைத்துவிடுகிறேன். கோழி, எலும்புத்தூள் என்று பையிலேயே போட்டிருக்கிறது. ரோஜாவுக்கு வேறென்ன வேண்டும்?

எங்கள் நாய் சேட்டு சாப்பிடுவது என் சமையலை. அந்த நாற்றத்தை என் சமையலறையில் வைத்துக்கொண்டு, கையால் அளந்து வேறு போடுவேனா? மேதாவிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "மா, டாக்டர் சொன்னதுதான் ஃபைனல். உன் எக்ஸ்பெரிமென்ட்லாம் வேண்டாம், ப்ளீஸ்" என்றாள். வேலை கிடைத்ததும் நாயை என் தலையில் கட்டிவிட்டுப் போனவள் அவள். பார்த்துக்கொள்கிறவள் நான், சட்டம் மட்டும் அவளுடையதா? அன்றிலிருந்து காலிப் பையைப் படம் பிடித்து அனுப்பிவிடுகிறேன். இவருக்குத் தெரியும். "உங்க ரெண்டு பேர் சண்டையில என்னை இழுக்காதே" என்று ஆபீஸுக்குப் போய்விடுவார்.

இன்று ரோஜா வேரடியைத் தோண்டிப் போட்டது அந்தக் கழுதை சேட்டு. பேப்பரைச் சுருட்டி முதுகில் ஒன்று வைத்தேன்.

மார்ச் 18, புதன்

வெயில் ஆரம்பித்துவிட்டது. சேட்டு முழுக்க வெள்ளை முடி, அரை அடி நடந்தாலே நாக்குத் தள்ளுகிறது. சின்ன வெங்காயம் குளிர்ச்சியாயிற்றே! கரோல் பாக்கில் நம்மவர் கடையிலிருந்து இவர் வாங்கிவந்தார். இனிமேல் சாம்பாரில் அவனுக்கென்று ஒரு பிடி கூடப் போடப் போகிறேன். மசித்துப் பிசைந்து வைத்தால் தட்டை நக்கி நக்கியே கூடம் வரை தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறான்.

மார்ச் 22, ஞாயிறு

வீடியோவில் சேட்டுவைப் பார்த்துவிட்டு மேதா, "இந்த பிராண்ட் அவனுக்கு செட் ஆயிடுத்துமா" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மார்ச் 27, வெள்ளி

சேட்டு நேற்றே மந்தமாகத்தான் இருந்தான், வெயில் என்று விட்டுவிட்டேன். காலையில் மூத்திரம் டிகாக்‌ஷன் நிறத்தில் போனான். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெள்ளைக் காகிதம். ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு மந்திர் மார்க் நாய் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் அர்விந்த் ரத்தம் மிகவும் குறைந்திருக்கிறது என்றார். டில்லியில் இந்த மாதத்தில் உண்ணிக் காய்ச்சல் சகஜமாம். போனில் மேதாவும் வீடியோவில் இருந்தாள். என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டதற்கு நான் வாயைத் திறக்குமுன், பாக்கெட் தீனி மட்டும்தான் என்று அவளே பதில் சொன்னாள். பிறகு அவர் என்னைப் பார்த்து, "ப்யாஜ், லஹ்சுன் ஏதாவது தின்றதா மேடம்?" என்றார். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தையே உடைத்துவிடுமாம்.

நஹீ என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்துச் சொல்லவில்லை. திரையில் மேதாவின் முகம் இருந்தது, வாய் சொல்லிவிட்டது. காய்ச்சலுக்கென்று ஊசி போட்டார். அசையாமல் நான்தான் பிடித்துக்கொண்டேன். அந்தக் கையை நக்கினான்.

மார்ச் 28, சனி

சேட்டு தண்ணீர் மட்டும் குடிக்கிறான்.

மேதா காலையிலேயே உஷாராணிக்குப் போன் பண்ணியிருக்கிறாள். நீங்கள்தான் பால்கனியிலிருந்து வெங்காயம் போட்ட கறியும் எலும்பும் போட்டிருக்க வேண்டும், எங்கள் வீட்டில் அதற்கெல்லாம் வழியே இல்லை என்று. உஷாராணி இறங்கி வந்தாள். சத்தம் போடவில்லை. "ஒரு பிஸ்கட் போடணும்னாகூட உங்களக் கேட்டுட்டுத்தான போடுவேன். நீங்களே சொல்லுங்கக்கா" என்றாள்.

நான் என்ன சொன்னேன்? சின்னப் பெண், பதட்டத்தில் பேசிவிட்டாள், மனதில் வைத்துக்கொள்ளாதே என்றேன். இதுவா பதில்! அவள் வீட்டில் அசைவம் என்பதால் பழி என்ன சுலபமாக அவள் மேல் ஒட்டிக்கொண்டது! ஒட்டட்டும் என்று நானும் நின்றேனே. சீ.

மார்ச் 29, ஞாயிறு

விடியற்காலையில் சேட்டுவால் நிற்கவே முடியவில்லை. பின்னங்கால் மடிந்து மடிந்து விழுகிறது. பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது — ரோஜா அடியில் அவன் என்னத்தைத் தோண்டினான்? தன் சாப்பாட்டைத் தோண்டினான். அதற்கு நான் அடித்தேன்.

டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். வெங்காயம் தினமும், ஒரு பிடிக்கு மேல், இரண்டு மாதமாகவே சாம்பார்தான், எல்லாம். "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, மேடம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. உடனே கூட்டிவரச் சொன்னார். ரத்தம் ஏற்ற வேண்டும், பிழைப்பான் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

கடவுளே, நான் செய்ததற்கு அவனைக் கொண்டுபோகாதே. என்ன பண்ணித் தொலைச்சேன் நான்.

மார்ச் 31, செவ்வாய்

ரத்தம் ஏற்றியாயிற்று. தலையைத் தூக்கிப் பார்த்தான்.

ஏப்ரல் 3, வெள்ளி

வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டோம். ஈறு லேசாகச் சிவந்திருக்கிறது. டாக்டர் மேதாவிடம் எதுவும் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கள் என்று என்னிடம் விட்டுவிட்டார். அவளோ உண்ணிக் காய்ச்சலும் எலும்பும் சேர்ந்து வந்த வினை என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள்.

இவர், "பிழைச்சுடுத்தோல்லியோ, இனிமே எதுக்குக் கிளறணும்?" என்கிறார். எனக்கும் அது இனிக்கத்தான் செய்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

மாடிப்படியில் உஷாராணி எதிரே வந்தாள். அன்று முதல் பேச்சில்லை. இன்று சேட்டுவை என் தோளில் பார்த்ததும் அவளால் தாங்க முடியவில்லை. "எப்படிக்கா இருக்கான்?" என்று அவன் காதைத் தடவினாள். அதற்கு மேல் எனக்கு முடியவில்லை. படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ரோஜா உரத்தைக்கூட.

அவள் அழவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"மேதாகிட்ட யாருக்கா சொல்றது? நீங்களா, நானா?"

நானே, என்றேன்.

ஏப்ரல் 6, திங்கள்

சொன்னேன். மேதா ஒன்றுதான் கேட்டாள்: "அந்தப் பை போட்டோ எல்லாம்?" ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டாள். மறுபடி நான் போட்டால் எடுக்கவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

மேதா நேற்று வந்து இன்று மாலை விமானத்தில் திரும்பிவிட்டாள். அவனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் இருக்கும் வீட்டில் நாய்க்கு அனுமதி இல்லையாம். என்னிடம் கோபமாகக்கூடப் பேசவில்லை. காப்பி வேணுமா என்றால், அச்சா என்றாள். அவ்வளவுதான். மாடிக்குப் போய் உஷாராணியின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாளாம். ரொம்ப நேரம் கழித்து இறங்கிவந்து, ஷூ போட்டுக்கொண்டே, "மா, சேட்டு இங்கேயே இருக்கட்டும், உங்கிட்டயே தூங்கட்டும். சாப்பாடு மட்டும் மாடியில. ஆன்ட்டி ஒத்துண்டுட்டா" என்றாள்.

சரி என்றேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

சேட்டு நன்றாகத் தேறிவிட்டான். டாக்டருக்கே திருப்தி. மேதா உஷாராணிக்குத் தினமும் போன் பண்ணுகிறாள். அவள் சொல்லித்தான் பெண் சாப்பிட்டாளா, ஆபீஸ் போனாளா என்பது எனக்குத் தெரிகிறது.

சாயந்திரம் சமையல் முடித்து சாம்பாரை இறக்கினேன். வாசனைக்கு வந்து என் காலடியில் உட்கார்ந்துகொண்டான், முன்போலவே. என் முகத்தையே பார்த்துக்கொண்டு. மாடியில் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. வாசல் கதவைத் திறந்துவிட்டேன். இரண்டு படி ஏறி, நின்று, நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்தான்.

"போடா" என்றேன். போனான்.